சர்க்கரை முடிச்சு

2018 ஜூலை 17, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். ஆடி முதல் தேதி. வானத்தில் மேகம் இருந்தது, மழை இல்லை. மேல்காற்று ஜி.எஸ்.டி. சாலைப் புழுதியை வாரி எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டில் உள்ள அந்தச் சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்து முப்பத்தொரு வருடம் முடிந்திருந்தது. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் பாக்கி. அந்த நேரத்தில்தான் ஏழு வயது பவித்ரா ஒரு கையால் அம்மாவையும் மறு கையால் அப்பாவையும் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தொடங்கிய இன்சுலின் ஊசியை அவளுக்கு நிறுத்த முடியுமா என்று பார்ப்பதற்காக, அன்று அவளைப் படுக்கையில் சேர்த்தோம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தை என்றால், இன்று வேலை பார்க்கும் பிள்ளைகள் மறுபேச்சு இல்லாமல் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். முடிவு கணினியில் வருகிறது. குழந்தையின் கையில் ஒரு வில்லையை ஒட்டினால் சர்க்கரை அளவு செல்போனில் தெரிகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பெண், "ஊசியிலேர்ந்து மாத்திரைக்கு மாத்தறது சிம்பிள்தானே சார்?" என்றாள். இரண்டு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் படித்தது ஒரு வருட லேப் டெக்னீஷியன் படிப்பு. சேர்ந்த புதிதில் சிறுநீரை நீல மருந்துநீரில் கலந்து கொதிக்கவைத்து நிறம் பார்ப்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது. கண்ணாடி ஊசிக்குழாய்களைக் கொதிக்கவைப்பதும் நான்தான். எட்டு வருடத்தில் உடைத்தது மூன்று. அதன் பிறகு பெரிய டாக்டரம்மா வந்தார். என் வேலையை மாற்றினார். ரத்தம் எடுப்பதோடு, இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைகளின் தாய்மார்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் என் பொறுப்பானது.

அவருடைய முறையைச் சொல்லவேண்டும். நான்கு வயதுக் குழந்தையைக்கூட அவர் "வாங்க, உட்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். புதிதாக வரும் எந்தக் குழந்தையையும் குத்துவதற்கு முன்னால் தன் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்து, தன் சர்க்கரை அளவைக் குழந்தையிடமே வாசிக்கச் சொல்வார். எண் தெரியாத குழந்தை என்றால் விரலால் காட்டிச் சொல்லிக் கொடுப்பார். அவருடைய இடது மோதிர விரலின் நுனி சாக்குத் தைப்பவர் விரலைப் போலக் காய்த்திருந்தது. கோபத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரம் நீள நீள எதிரில் நிற்பவருக்கு வியர்க்கும்.

என் பாடத்தின் முதல் விதி சர்க்கரை முடிச்சு. இன்சுலின் போடும் குழந்தைக்குச் சில நேரம் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும்; கவனிக்காவிட்டால் வலிப்பு வரும். அந்த நிமிடத்தில் வாயில் சர்க்கரை போடவேண்டும். மாமல்லபுரம் கடற்கரை ஓரத்திலிருந்தும் படாளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வரும் அம்மாக்களிடம் அந்தக் காலத்தில் மீட்டர் கிடையாது, கைப்பை கிடையாது. புடவை உண்டு. ஆகவே மூன்று கரண்டிச் சர்க்கரையைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு முந்தானையில் முடிந்துவைக்கச் சொன்னேன். வயல், ரேஷன் கடை, சாவு வீடு, எங்கே போனாலும் அது கூடப் போகவேண்டும். வகுப்பில் நான் பத்து எண்ணுவேன்; அதற்குள் முடிச்சை அவிழ்க்காதவர்கள் மறுபடி கட்டி மறுபடி அவிழ்க்கவேண்டும். "சந்தேகம் வந்தால் முதலில் சர்க்கரை, அப்புறம் கேள்வி." இந்த வாக்கியத்தை நான் உண்டாக்கினேன். இதனால் பிழைத்த குழந்தைகள் என் கணக்குப்படி பதினொன்று.

பதினொன்றில் ஒன்று பவித்ரா. அவளுடைய அம்மா செல்வி மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்தார். அப்பா முருகன், சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கும் தொழிலாளர்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டினார். இரண்டு மாதத்தில் குழந்தை மூச்சு வாங்கி, கண் செருகி வந்தபோது, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று மீட்டருக்கே சொல்லத் தெரியவில்லை. எண்ணுக்குப் பதில் எழுத்தைக் காட்டியது. அவ்வளவு சின்ன உடம்புக்கு அரை யூனிட் இன்சுலின்தான் போடலாம். அதை அளக்கும் ஊசி அப்போது எங்களிடம் இல்லை. மருந்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து அளந்தேன். செய்து முடித்ததும் பெரிய டாக்டரம்மா, "இன்னொரு தடவை செய்யுங்க, நான் பார்க்கிறேன்" என்றார். செய்தேன். அதன்பின் தினமும் நான்கு ஊசி. ஏழு வயதுக்குள் பத்தாயிரத்தை நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரே 'ஊசி' ஆகிவிட்டது. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று புத்தகப்பையை நடுவில் வைத்தாள்.

இதற்கிடையில் ஆராய்ச்சியில் ஒரு விஷயம் தெளிவானது. கைக்குழந்தையிலேயே வரும் சர்க்கரை நோய், பெரிய பிள்ளைகளுக்கு வருவதிலிருந்து வேறானது. இவர்களில் பலருக்கு இன்சுலின் உடம்பில் இருக்கவே செய்கிறது, வெளியே வருவதில்லை. இன்சுலின் சுரக்கும் செல்லில் ஒரு சிறு கதவு உண்டு. சர்க்கரை வந்ததும் அந்தக் கதவு மூடிக்கொள்ளவேண்டும். மூடினால்தான் இன்சுலின் வெளியேறும். மரபணுவில் உள்ள ஒரு பிசகால் இவர்களுக்குக் கதவு திறந்தபடியே கிடக்கிறது. வயதானவர்கள் விழுங்கும் பழைய சர்க்கரை மாத்திரை ஒன்று அந்தக் கதவைத் தள்ளி மூடிவிடும். நான் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்த மாத்திரை அது. ஆனால் எல்லாப் பிசகுக்கும் அது பலிக்காது. உள்ளே சேர்த்து, கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். பவித்ராவின் ரத்தத்தைப் பெரிய டாக்டரம்மா சோதனைக்கு அனுப்பினார். கதவில்தான் கோளாறு என்று முடிவு வந்தது.

அப்படித்தான் ஆடி முதல் தேதி வந்து சேர்ந்தார்கள்.

"ஆடியில எவனாச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பானா சார்? ஆவணி பொறக்கட்டுமே" என்றார் முருகன்.

"மாத்திரைக்கு ஆடி, ஆவணி தெரியாது."

"உங்களுக்கு இன்னா சார், மாசம் பொறந்தா சம்பளம். பத்து நாளு நான் வண்டி வுடலன்னா ஓனரு வேற ஆள ஏத்திகினு போய்கினே இருப்பான்."

முறை இதுதான். மாத்திரையைப் பொடித்து, நீரில் கரைத்து, எடைக்குத் தக்க அளவை ஊசியில்லாக் குழாயால் வாயில் விடவேண்டும். காலை ஒன்று, மாலை ஒன்று. தினமும் அளவைக் கொஞ்சம் கூட்டவேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், நடு இரவிலும் விரல் குத்திப் பார்க்கவேண்டும். சர்க்கரை இறங்க இறங்க இன்சுலினைக் குறைக்கவேண்டும். ஆஸ்பத்திரி தரும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் குழந்தைக்குத் தரக்கூடாது என்று பெரிய டாக்டரம்மா செல்வியிடம் இரண்டு தடவை சொன்னார். செல்வி தலையாட்டினார்.

சர்க்கரை இறங்கவில்லை. இரண்டாம் நாள் 280. ஐந்தாம் நாள் 305. எட்டாம் நாள், மாத்திரை உச்ச அளவை நெருங்கியபோது, 290. சாப்பாட்டுக்குப் பின் ஏறுவது இயல்பு. இவளுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாலும் ஏறி நின்றது. மீட்டரை மாற்றினேன். மாத்திரையின் தேதியைப் பார்த்தேன். நான் குத்துவதற்கு முன் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எதுவும் மாறவில்லை. புதன்கிழமை மாலை பெரிய டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். இறங்கலன்னா இவங்களுக்கு மாத்திரை பலிக்கலைன்னு எழுதி அனுப்பிடலாம். ஊசிதான்."

பவித்ரா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ இஸ்கூலுக்கு எப்ப போவணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை, பெரிய டாக்டரம்மா வார்டைச் சுற்றி வரும்போது, துப்புரவு வேலை செய்யும் அம்சா வழி மறித்தார்.

"இன்னா டாக்டரம்மா இது. வார்டு பூரா நானும் பினாயிலு ஊத்தித் தொடைக்கிறேன். இந்தப் பாப்பா கட்டிலாண்ட மட்டும் எறும்பு ஊர்கோலம் போய்கினு கீது."

"எங்கேர்ந்து வருது?"

"சன்னல்லேர்ந்து வருது. எங்க போவுதுன்னு கேளுங்க. அந்தம்மா முந்தானிக்குப் போவுது."

பெரிய டாக்டரம்மா கட்டிலருகே போய் நின்றார்.

"செல்வி, முந்தானையில என்ன முடிஞ்சு வச்சிருக்கீங்க?"

"சக்கர, டாக்டரம்மா."

"பாப்பாவுக்குக் குடுக்கறீங்களா?"

"தல சுத்துதுன்னு சொன்னா குடுப்பேன். நாளைக்கு ஆறு தபா, ஏழு தபா."

"நாங்க தர்றதைத் தவிர எதுவும் தரக்கூடாதுன்னு சொன்னேனே."

"ஒரு பிஸ்கோத்து தர்ல டாக்டரம்மா, ஒரு வாழப்பழம் தர்ல. சக்கர தீனியா? அது மருந்தாச்சே. சாருதான் சொல்லிக் குடுத்தாரு." செல்வி என்னைக் கை காட்டினார். "சந்தேகம் வந்தா மொதல்ல சக்கர, அப்புறம் கேள்வின்னு. ஊசியும் போடுறீங்க, சக்கரய எறக்குற மாத்திரையும் தர்றீங்க. ரெண்டும் சேந்து என் பொண்ண கவுத்துடாதா?"

பெரிய டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கை மூக்குக்கண்ணாடிக்குப் போகவில்லை. "உங்க பாடம் நல்லாவே பதிஞ்சிருக்கு" என்றார்.

இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டவர்கள் அன்று வார்டில் இருந்தார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை எடுத்துக்கொண்டதில்லை. மீட்டர் இல்லாத வீடுகளுக்காகச் செய்த விதி அது. ஒரு தாய் ஏழு வருடம் ஒரு நாள் விடாமல் அதைக் காப்பாற்றியிருக்கிறார் என்றால், சொல்லிக் கொடுத்தவன் தலை குனிய வேண்டியதில்லை. மீட்டர் கட்டிலருகிலேயே இருக்கும் இடத்தில் வேறு விதி வேண்டும். அதை நாங்கள் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

"இனிமே தலை சுத்துதுன்னா முதல்ல குத்திப் பார்ப்போம். முடிச்சை அவிழ்த்துடுங்க" என்றார் பெரிய டாக்டரம்மா.

"மாட்டேன்" என்றார் செல்வி.

"அடியே, டாக்டரம்மா சொல்றாங்கல்ல" என்றார் முருகன்.

"நீ சும்மா இரு. அவளுக்கு மூணு வயசுல, திருக்கழுக்குன்றம் வர்ற வழியில ஆட்டோல வலிப்பு வந்துச்சே, அப்ப நீ இருந்தியா? வண்டிய வுட்டுகினு இருந்த. கையும் காலும் இழுக்குது, ஆட்டோக்காரன் எறங்கி ஓடிட்டான். இந்த முடிச்சு மட்டுந்தான் என்கூட இருந்துச்சு. இத அவுத்தா எனக்கு ஒடம்பே நடுங்கும்."

அவர் அழவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அவரைக் கட்டாயப்படுத்தி அவிழ்க்கவைத்தால் இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். நான் என் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

"தூக்கிப் போட வேண்டாம். இதுல மாத்திக் கட்டுங்க. ராத்திரி உங்ககிட்டயே இருக்கட்டும், குத்திப் பார்க்காம குடுக்காதீங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிலேர்ந்து நான் இந்த நாற்காலியில உட்காருறேன். பாப்பாவுக்கு வேணும்னா நான் குடுக்கறேன்."

"நீங்க ஒண்ணுக்குப் போவீங்களே."

"அப்போ உங்க கையில குடுத்துட்டுப் போறேன்."

செல்வி யோசித்தார். பிறகு சர்க்கரைக் கவரை என் கைக்குட்டையில் வைத்து, தானே முடிச்சுப் போட்டு, என் கையில் வைத்தார். "அவுத்துக் காட்டுங்க பாப்போம். நான் எண்ணுறேன்." எண்ணினார். நான் பன்னிரண்டில் அவிழ்த்தேன். "மறுக்கா" என்றார். இரண்டாம் தடவை எட்டு. சரி என்று தலையாட்டினார். அம்சா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். அந்த இரும்பு நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருந்தது. மின்விசிறி வேறு தலைக்கு நேர் மேலே இல்லை. ஒன்பதரைக்குப் பவித்ரா, "தல சுத்துது" என்றாள். குத்தினேன். 212.

"இருநூத்திப் பன்னெண்டுக்குத் தலை சுத்தாது."

"கொஞ்சூண்டு சார்."

"கிடையாது."

"அம்மான்னா தரும்."

"அதனாலதான் நான் உட்கார்ந்திருக்கேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பதினொன்றுக்கு மறுபடி தலை சுற்றியது, 176. செல்வி கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, குழந்தையைப் பார்க்காமல் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு 148. பதினொரு நாளில் முதல் தடவையாக இருநூறுக்குக் கீழே வந்த எண்கள் இவை. நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. மூன்றரைக்கு 96.

நாலு மணிக்குப் பிறகு பவித்ரா ஒன்றும் கேட்கவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லவுமில்லை. மேல் உதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. செல்வி எழுந்துவிட்டார்.

"சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

குத்தினேன். 54. ஐந்து எண்ணுவதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். சர்க்கரையை அவள் நாக்கில் வைத்தேன், விழுங்கினாள். மறுபடி வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 83. அவள் கண் திறந்து, "இது நெஜமா சுத்துச்சு" என்றாள்.

பெரிய டாக்டரம்மா வந்தபோது நான் எண்களைச் சொன்னேன். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. உடம்பு தன் இன்சுலினைத் தானே வெளியே விடுகிறது. அதன் மேல் நாம் போடும் ஊசி இப்போது அதிகம். இதை அவர் செல்விக்கு நிதானமாக இரண்டு தடவை விளக்கினார். பிறகு, "இன்னிக்கு ராத்திரி ஊசி வேண்டாம்" என்றார்.

"வேணாம்னா, எப்பவுமேவா?" என்று கேட்டார் முருகன்.

"இன்னிக்கு."

மறுநாள் காலை 121. சனிக்கிழமை சாப்பாட்டு ஊசியைப் பாதியாக்கினோம். ஞாயிறு மதியத்தோடு அதுவும் நின்றது. அந்த 'இன்னிக்கு' இன்றுவரை நீண்டுகொண்டிருக்கிறது. பவித்ரா இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், காலையும் மாலையும் மாத்திரை விழுங்குகிறாள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறிய முதல் குழந்தை அவள்தான். நான் ஓய்வு பெறும்வரை இன்னும் நான்கு பேர் மாறினார்கள். நால்வருக்கும் முதல் நாளே நாங்கள் கேட்ட கேள்வி, முந்தானையில் என்ன இருக்கிறது என்பது.

ஆவணியில் ஒரு நாள் செல்வியும் முருகனும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து என் மேசைமுன் நின்றார்கள்.

"இவளுக்கு இன்னும் காது குத்தல சார். நாளைக்கு நாலு ஊசி வாங்குற கொழந்தைக்கு இன்னும் ரெண்டு எதுக்குன்னு வுட்டுட்டோம். இப்ப குத்தலாம்ல. எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. தாய்மாமன் மடியில வச்சிதான் குத்தணும். நீங்க வரணும்" என்றார் செல்வி.

"எனக்கு முழங்கால் வலி."

"மடிதான சார் கேட்டேன். ஓடவா சொன்னேன்?"

"மாமன்னா மடிய மட்டும் எடுத்துகினு வரக்கூடாது சார், அதையும் சொல்லிட்றேன்" என்றார் முருகன்.

படாளத்துக்கு உள்ளே அவர்கள் குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் பாயில் உட்கார்ந்தேன். பவித்ரா என் மடியில் உட்கார்ந்தாள், கனமாகத்தான் இருந்தாள். பக்கத்தில் ஒரு பங்காளி வீட்டுக் கைக்குழந்தைக்கும் அன்றே காது குத்தினார்கள். அது கத்திய கத்தலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. இவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இரண்டு காதும் முடிந்ததும், காது குத்திய பத்தரைப் பார்த்து, "இத எத்தினி நாளைக்கு ஒருவாட்டி குத்தணும்?" என்று கேட்டாள்.

"ஆயுசுக்கும் ஒரே வாட்டிதான் பாப்பா."

அவள் நம்பவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். உண்மைதான் என்றேன். அதன் பிறகுதான் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

கூடுவாஞ்சேரிக் கடையில் வாங்கிய கம்மல், சேதாரமும் வரியும் சேர்த்து ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று. கடைக்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பட்டுப்பாவாடை ஆயிரத்து நானூற்று ஐம்பது, செல்விக்குப் புடவை ஆயிரத்து இருநூறு, பழத்தட்டும் பூவும் அறுநூற்று நாற்பது, பத்தருக்கு நூற்றொன்று, போக வரப் பேருந்துக்கு அறுபத்திரண்டு. ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு பதின்மூவாயிரத்து முந்நூற்றுப் பதினாறு ரூபாய்.